அத்தியாயம் 5: எழுத்தை முன்னிட்டுப் பக்கம் கட்டும் முறை

இணையப் பக்கத்தின் முகப்பை அமைப்பவருக்கு வேண்டிய ஹெச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றின் இலக்கணத்தையும் முந்தைய அத்தியாயங்களில் விஸ்தாரமாகப் பார்த்துவிட்டோம். அவற்றை எந்தக் கிரமத்தில் பிரயோகிப்பது, எந்த உபகரணத்தை எந்தச் சமயத்தில் கையில் எடுப்பது, செய்த வேலை சரிதானா என்று எதைக்கொண்டு பரீட்சிப்பது என்பனவே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

புணே நகரத்தின் ஹிஞ்சவாடியிலோ கராடியிலோ மகர்பட்டாவிலோ உத்தியோகம் பார்க்கும் தமிழ் இளைஞர் ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறோம். பகலெல்லாம் வெளிநாட்டு வர்த்தக ஸ்தாபனங்களுக்காக ஆங்கிலப் பக்கங்களைக் கட்டிப் பழகிய அவரிடம், தேஹு ரோட்டிலோ கட்கியிலோ ராஸ்தா பேட்டையிலோ நெடுங்காலமாகக் குடியிருக்கும் தமிழர்களின் சங்கமொன்று வந்து, "நம்ம சங்கத்துக்கு ஒரு பக்கம் செய்து கொடுங்க தம்பி, தமிழ் இருக்கணும், அக்கம்பக்கத்துக்காரர்களுக்கு மராத்தியும் இருக்கணும், பிள்ளைகளுக்காக இங்கிலீஷும் இருக்கட்டும்" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். விழா அறிவிப்பு, அங்கத்தினர் பட்டியல், நன்கொடை விவரம், பெயர் பதிவுசெய்யும் படிவம் என்ற நான்கே பகுதிகள் கொண்ட இந்தச் சிறு பக்கத்தில், அலுவலகத்தில் அவர் ஒருபோதும் எதிர்கொள்ளாத இடர்ப்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைதூக்கும். காரணம், அவர் கற்ற பழக்கங்கள் அனைத்தும் ரோமன் லிபியை உத்தேசித்து ஏற்பட்டவை. பாடநூல்கள் பெரும்பாலும் உருவமைப்பில் தொடங்கி எழுத்தில் முடிகின்றன. நாமோ எழுத்தில் தொடங்கி உருவமைப்பில் முடிக்க வேண்டும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரே விதியின் விரிவுதான்.

புணேயும் இந்திய லிபிகளும்

இந்திய எழுத்துகள் கணிப்பொறியில் ஏறிய சரித்திரத்தில் புணேக்கு விசேஷமான இடம் உண்டு. அதைச் சிறிது அறிந்துகொள்வது, பின்னால் வரப்போகும் சில புதிர்களுக்கு விடை காண உதவும். சி-டாக் என்று வழங்கும் உயர்நிலைக் கணிப்பொறி வளர்ச்சி மையம் 1988-ல் புணேயில் நிறுவப்பட்டது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் வேரூன்றிய 'ஜிஸ்ட்' என்னும் இந்திய லிபித் தொழில்நுட்பம் இம்மையத்தில்தான் வளர்ந்து பரவியது. அந்நாளில் வகுக்கப்பட்டு 1991-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்றுக்கொண்ட 'இஸ்கி' என்ற குறியீட்டு முறை, பிராமியிலிருந்து பிறந்த லிபிகள் யாவும் ஒரே ஒலி வரிசையைச் சேர்ந்தவை என்ற எண்ணத்தை அடிப்படையாகக் கொண்டு, எல்லா லிபிகளுக்கும் பொதுவான ஒரே வரிசையை அமைத்தது. யூனிகோட் கழகம் தன் முதற்பதிப்பை 1991-ல் வெளியிட்டபோது, இஸ்கியின் 1988-ஆம் ஆண்டு வடிவத்தை ஒட்டியே இந்திய லிபிகளுக்கு இடம் ஒதுக்கியது. தேவநாகரியின் முதல் மெய் தன் தொகுதியில் எத்தனையாவது இடத்தில் நிற்கிறதோ, நம் ககரமும் தமிழ்த் தொகுதியில் அத்தனையாவது இடத்திலேயே நிற்பதும், தமிழுக்கு வேண்டாத வர்க்க எழுத்துகளின் இடங்கள் வெறுமையாக விடப்பட்டு 128 இடங்களில் 72 மட்டுமே நிரம்பியிருப்பதும் இதன் பலன்களே.

அச்சுத்தொழிலிலும் இந்த நகரத்தின் கை நம்மை எட்டியிருக்கிறது. தமிழ்நாட்டு அச்சகங்களிலும் டி.டி.பி. கடைகளிலும் பல்லாண்டுகள் புழங்கிய 'ஸ்ரீலிபி' மென்பொருள், புணேயின் மாடுலர் இன்ஃபோடெக் நிறுவனத்தாருடையது. அதே நிறுவனத்தார் ஆக்கித் தந்த எழுத்துருக்களைத்தான் ரெட் ஹாட் நிறுவனம் 2004-ல் 'லோஹித்' என்ற பெயரில், தமிழ் உட்படப் பல இந்திய லிபிகளுக்குக் கட்டற்ற உரிமத்தோடு வெளியிட்டது. ஆகவே இந்நகரத்தில் உட்கார்ந்து தமிழ்ப் பக்கம் கட்டும் ஒருவர், பழைய கோப்புகளையும் புதிய குறியீடுகளையும் ஒரே மேஜையில் சந்திக்க நேரிடும்.

மூலப்பிரதியைச் சுத்தம் செய்தல்

சங்கத்தார் கொண்டுவரும் விழா அழைப்பிதழ் பெரும்பாலும் அச்சகத்திலிருந்து வந்த பழைய கோப்பாகவே இருக்கும். அதை அப்படியே எடுத்து ஒட்டினால், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்கள் ரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி வேலைசெய்தவை ஆதலால், திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தோன்றும். முதற்காரியமாக ஒரு குறியீட்டு மாற்றியைக்கொண்டு அதனை யூனிகோடுக்கு மாற்றி, மாற்றிய பிரதியை மூலத்தோடு ஒருவர் வரிவரியாக ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். இயந்திரம் மாற்றியதை மனிதக் கண் பாராமல் ஏற்றுக்கொள்வது ஆபத்து.

யூனிகோடாக வந்த பிரதியிலும் மறைவான ஒரு பேதம் உண்டு. 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணிப்பொறிக்கோ வெவ்வேறு. அதனால் ஒருவர் தட்டிய 'கொங்கு' என்ற சொல், மற்றொருவர் பதிந்த 'கொங்கு'வைத் தேடலில் கண்டுபிடிக்காமல் போகும். ஜாவாஸ்கிரிப்டின் 'நார்மலைஸ்' என்னும் செயலை 'என்.எஃப்.சி.' என்ற முறையில் ஏவினால் இந்தப் பேதம் ஒழியும். சேமிக்கும்போதும் தேடும்போதும் இருபுறமும் அதைச் செய்ய வேண்டும். ஆனால் ஔகாரக் குறியின் பின்பகுதிக்குப் பதிலாக 'ள' என்ற முழு எழுத்தையே தட்டிவிடும் பழக்கத்தை எந்த யுக்தியும் தானாகத் திருத்தாது. 'பௌர்ணமி', 'சௌந்தரம்' போன்ற சொற்களைத் தனியே தேடிப் பார்த்துக் கையால் திருத்த வேண்டியதுதான்.

பக்கத்தின் தலையில் இரண்டு வரிகள்

ஹெச்.டி.எம்.எல். கோப்பின் தொடக்கத்தில் 'யூ.டி.எஃப்-8' என்ற குறியீட்டு அறிவிப்பும், மொழியைக் குறிக்கும் 'லாங்' பண்பும் இருக்க வேண்டும் என்பதை எல்லாரும் அறிவர். இரண்டாவதன் அவசியத்தை உணர்ந்தவர் குறைவு. நம் பக்கத்தில் மூன்று மொழிகள் கலந்திருப்பதால், பக்கம் முழுமைக்கும் ஒரு மொழியை அறிவித்துவிட்டு, மராத்தி வரும் ஒவ்வொரு பகுதிக்கும் மராத்தி என்றும், ஆங்கிலம் வரும் பகுதிக்கு ஆங்கிலம் என்றும் தனியே அறிவிக்க வேண்டும்.

இதனால் கிடைக்கும் பயன்கள் மூன்று. மராத்தியார் 'ல', 'ஶ' ஆகிய எழுத்துகளை ஹிந்தியாரினின்றும் சற்று வேறான வடிவில் எழுதும் சம்பிரதாயம் உடையவர்கள். நல்ல தேவநாகரி எழுத்துருக்கள் இவ்விரு வடிவங்களையும் தம்முள் வைத்திருந்து, பகுதியின் மொழி மராத்தி என்று அறிவிக்கப்பட்டிருந்தால் மாத்திரமே மராத்தி வடிவத்தைக் காட்டும். லிபி ஒன்றாயிருந்தும் மொழி அறிவிப்பு இல்லாமையால் புணே வாசகர் தம் மொழியை அயலார் கையெழுத்தில் படிக்க நேர்வது, ஒரே ஒரு பண்பினால் நீங்கிவிடக்கூடிய குறை. இரண்டாவதாக, பார்வையற்றோருக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான், இந்த அறிவிப்பைக் கொண்டுதான் தமிழ்க் குரலுக்கும் மராத்திக் குரலுக்கும் மாறுகிறது. மூன்றாவதாக, சி.எஸ்.எஸ்.ஸில் மொழிவாரியாக எழுத்துருவையும் வரியிடைவெளியையும் வகுத்துவிட இதுவே கைப்பிடி.

எழுத்துருவைத் தேர்தலும் ஏற்றுதலும்

மூன்று லிபிகள் ஒரே பக்கத்தில் அமையும்போது, ஒவ்வொன்றும் தனித்தனியே அழகாயிருப்பது போதாது. கோட்டின் கனமும் எழுத்தின் உயரமும் ஒன்றோடொன்று இசைந்திருக்க வேண்டும். இந்த இசைவை நாமே தேடி அலைவதைவிட, ஒரே குடும்பமாக வரையப்பட்டவற்றை எடுத்துக்கொள்வது விவேகம். மும்பையின் ஏக் டைப் குழுவினர் வரைந்த 'முக்தா' தேவநாகரிக்கும், அதன் துணையான 'முக்தா மலர்' தமிழுக்கும் உரியவை. இண்டியன் டைப் ஃபவுண்டரியின் 'ஹிந்த்' தேவநாகரிக்கும், 'ஹிந்த் மதுரை' தமிழுக்கும் உரியவை. கூகுளின் 'நோட்டோ' குடும்பம் இரண்டுக்கும் உண்டு. இவை யாவும் கட்டற்ற உரிமத்தில் கிடைப்பவை.

எழுத்துருக் கோப்பை 'வொஃப்2' என்ற சுருக்கிய வடிவத்தில் வைப்பதே தற்காலத்து வழக்கம். சி.எஸ்.எஸ்.ஸில் அதை அறிவிக்கும்போது 'யூனிகோட்-ரேஞ்ச்' என்ற விவரத்தைச் சேர்த்துவிட்டால், அந்தந்த லிபியின் எழுத்து பக்கத்தில் உண்மையாகவே இருந்தால்தான் உலாவி அந்தக் கோப்பை இறக்கும். தமிழ் மாத்திரம் உள்ள பக்கத்தைத் திறக்கும் கைபேசி மராத்தி எழுத்துருவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கோப்பை மேலும் சிறிதாக்க, பைத்தானில் எழுதப்பட்ட 'ஃபாண்ட்டூல்ஸ்' தொகுப்பில் தேவையற்ற எழுத்துகளைக் கத்தரிக்கும் கருவி இருக்கிறது. கத்தரிக்கும்போது கவனம் வேண்டும்: எழுத்துகள் கூடி வடிவம் மாறும் விதிகள் எழுத்துருவின் உள்ளே அட்டவணைகளாக இருக்கின்றன, அவற்றை நீக்கினால் கொம்பும் சுழியும் இடம் தவறி நிற்கும். கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளையும், 2010-ல் யூனிகோடில் இடம்பெற்ற ரூபாய்க் குறியையும் மறவாமல் சேர்த்துக்கொள்க. நன்கொடைப் பகுதியில் ரூபாய்க் குறி மாத்திரம் வேறு எழுத்துருவில் தோன்றுவது, பெரும்பாலும் இந்த மறதியின் அடையாளமே.

கோப்பு வந்து சேரும்வரை வாசகர் எதைப் பார்ப்பது என்பதை 'ஃபாண்ட்-டிஸ்ப்ளே' தீர்மானிக்கிறது. அதற்கு 'ஸ்வாப்' என்ற மதிப்பைக் கொடுத்தால், சாதனத்தில் ஏற்கெனவே உள்ள எழுத்துருவில் உரை உடனே தோன்றி, பிறகு நம் எழுத்துருவுக்கு மாறும். விண்டோஸில் முன்னாளில் 'லதா'வும் இந்நாளில் 'நிர்மலா யு.ஐ.'யும், ஆண்ட்ராய்டில் 'நோட்டோ'வும், ஆப்பிள் கணிப்பொறிகளில் 'தமிழ் சங்கம்', 'இணைமதி' போன்றவையும் இந்த மாற்று எழுத்துருக்களாக அமையும். இவற்றின் அகலமும் உயரமும் வேறுபடுவதால், மாறும் கணத்தில் பக்கம் துள்ளும். விரல் பட இருந்த பொத்தான் கீழே நழுவும். மாற்று எழுத்துருவின் அளவை 'சைஸ்-அட்ஜஸ்ட்' என்ற விவரத்தால் நம் எழுத்துருவுக்கு இணையாக்கிவைத்தால் இந்தத் துள்ளல் பெரிதும் அடங்கும்.

தடித்த எழுத்துக்கு உரிய கோப்பைத் தராமல் தலைப்பைத் தடிக்கச் சொன்னால், உலாவி தானே கோட்டைப் பூசித் தடிப்பாக்கிவிடுகிறது. 'ண', 'ழு', 'ஞ' முதலிய எழுத்துகளின் சுழிகள் அடைபட்டுக் கரும்புள்ளிகளாகின்றன. சாய்வெழுத்தின் கதையும் இதுவே. 'ஃபாண்ட்-சிந்தசிஸ்' என்பதற்கு 'நன்' என்று மதிப்பிட்டு இந்தப் போலித் தடிப்பையும் போலிச் சாய்வையும் தடுத்துவிட்டு, வேண்டிய கனத்துக்கு உண்மையான கோப்பையே தருவதுதான் முறை.

இடைவெளியும் சட்டகமும்

ஆங்கிலத்துக்குப் போதுமான வரியிடைவெளி நமக்குப் போதாது. தமிழின் உகர, ஊகாரச் சுழிகள் கீழே இறங்குகின்றன. தேவநாகரியின் மாத்திரைகள் தலைக்கோட்டுக்கு மேலும் கீழும் பரவுகின்றன. 'லைன்-ஹைட்' என்ற பண்புக்கு அலகில்லாமல் 1.6 முதல் 1.8 வரை ஒரு மதிப்பைக் கொடுத்துப் பார்த்து, எழுத்துருவுக்குத் தக்கபடி நிர்ணயித்துக்கொள்க. பொத்தானுக்கும் தலைப்புப் பட்டைக்கும் உயரத்தைப் பிக்சலில் கட்டிப்போட்டு, மிகுதியை மறைக்கச் சொல்வது பலருக்கும் பழக்கம். ஆங்கிலத்தில் இது தெரியாது, 'குழு' என்று எழுதிய பொத்தானிலோ சுழியின் அடி வெட்டுண்டு போகும். உயரத்தை விட்டுவிட்டு உள்ளிடைவெளியை நிர்ணயிப்பதே தகும்.

தமிழ்ச் சொற்கள் விகுதிகளைச் சேர்த்துக்கொண்டே நீள்பவை. 'சேவ்' என்ற ஆங்கிலப் பொத்தான் இருந்த இடத்தில் 'சேமிக்கவும்' என்றும், படிவத்தின் தலையில் 'பதிவுசெய்துகொள்பவர்களுக்கான' என்றும் வந்து நிற்கும்போது, ஃப்ளெக்ஸ் அமைப்பின் பெட்டிகள் அந்தச் சொல்லின் அகலத்துக்குக் கீழே சுருங்க மறுத்து, பக்கம் முழுவதையும் பக்கவாட்டில் தள்ளிவிடும். பெட்டிகளுக்கு 'மின்-விட்த்' பூஜ்யம் என்று அறிவித்து, 'ஓவர்ஃப்ளோ-ராப்' என்பதற்கு 'எனிவேர்' என்று மதிப்பிட்டால், வேறு வழியில்லாதபோது மாத்திரம் சொல் மடங்கும். குறுகிய பத்தியில் இருபுறமும் ஓரம் நேராக்கும் ஆசையை விட்டொழிக்க வேண்டும். நீண்ட சொற்களுக்கிடையே ஓட்டைகள் விழுந்து வாசிப்பைக் கெடுக்கும்.

ஆங்கிலப் பக்கங்களில் முக்கியத்துவத்தைக் காட்டப் பெரிய எழுத்துகளையும், நவீனத் தோற்றத்துக்காக எழுத்துகளுக்கிடையே கூடுதல் வெளியையும் பயன்படுத்துவார்கள். நம் லிபிகளில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லை. 'லெட்டர்-ஸ்பேசிங்' கொடுத்தாலோ தேவநாகரியின் தலைக்கோடு துண்டு துண்டாகிறது. அளவு, கனம், நிறம் ஆகிய மூன்றால் மாத்திரமே தலைப்புக்கும் உரைக்கும் பேதம் காட்டப் பழகுக. ஒரு வரியின் நீளத்தை 'சிஹெச்' என்ற அலகால் அளக்கும் யோசனையும் நமக்கு ஒவ்வாது. அது பூஜ்யம் என்ற எண்ணின் அகலம், ஆகவே நம் எழுத்தின் அகலத்துக்குப் பிரமாணமாகாது. 'எம்', 'ரெம்' என்ற அலகுகளே நமக்கு ஏற்றவை.

எண்ணுதலும் வரிசைப்படுத்தலும்

சங்கத்தின் அங்கத்தினர் பட்டியலை அகரவரிசையில் அடுக்கச் சொன்னால், ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண வரிசைச் செயல் 'மனோகரன்' என்ற பெயரை 'மயில்வாகன'த்துக்கு முன்னும், 'அறிவழக'னை 'அழகேச'னுக்கு முன்னும் வைத்துவிடும். இதற்கான காரணத்தைப் புணேயின் பூர்வகதையிலேயே பார்த்தோம்: பொது வரிசையில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் அமர்த்தப்பட்டிருக்கின்றன, நம் நெடுங்கணக்கிலோ அவ்விரண்டும் கடைசியில் நிற்பவை. உலாவியிலேயே அமைந்துள்ள 'இன்டல்' தொகுதியின் 'கொலேட்டர்' என்ற கருவியிடம் தமிழ் என்று சொல்லி ஒப்பிடச் செய்தால், நெடுங்கணக்கின்படியே பெயர்கள் அமையும். தனியாக எந்த நூலகத்தையும் இறக்க வேண்டியதில்லை.

படிவத்தில் பெயரின் நீளத்தைக் கட்டுப்படுத்துவோர் மற்றோர் அநீதியை அறியாமல் செய்கிறார்கள். 'கிருஷ்ணமூர்த்தி' என்ற பெயரில் நாம் காணும் எழுத்துகள் 8. கணிப்பொறி எண்ணுவதோ உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் சேர்த்து 15. ஆங்கிலப் பெயர்களை எண்ணி வகுத்த உச்சவரம்பு தமிழ்ப் பெயரைப் பாதியில் வெட்டும். வெட்டும் இடம் மெய்க்கும் புள்ளிக்கும் நடுவே விழுந்தால் எழுத்தே மாறிப்போகும். 'இன்டல்' தொகுதியின் 'செக்மென்ட்டர்' எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தருகிறது. 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸும் அதை ஏற்றுக்கொண்டதால், முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் இப்போது கிடைக்கிறது. 'க்ஷ'வை அது இரண்டாக எண்ணும் என்பதை நினைவில் வைத்துக்கொள்க.

நன்கொடைத் தொகையையும் கையால் புள்ளியிட்டு எழுத வேண்டாம். 'இன்டல்' தொகுதியின் 'நம்பர்ஃபார்மட்' இந்தியத் தமிழுக்கு 1,25,000 என்று லட்சக் கணக்கில் பிரிக்கும்; சிங்கப்பூர், மலேசியத் தமிழுக்கு அந்நாடுகளின் வழக்கப்படி 125,000 என்று பிரிக்கும்; மராத்தி என்று சொன்னால் தேவநாகரி இலக்கங்களிலேயே தரும். ஆகையால் தொகையைச் சேமிக்கும்போது வெறும் எண்ணாகவும், காட்டும்போது மாத்திரம் மொழிக்கேற்ற அலங்காரத்தோடும் வைப்பது நியமமாக இருக்கட்டும்.

பரீட்சைக் கருவிகள்

2006-ல் ஃபயர்ஃபாக்ஸுக்கு 'ஃபயர்பக்' என்ற துணைக்கருவி வருவதற்கு முன்னர், பக்கத்தில் எங்கே பிழை என்று கண்டுபிடிப்பது அனுமானத்தையும் பொறுமையையும் சார்ந்த காரியமாக இருந்தது. இன்று எல்லா உலாவிகளிலும் 'டெவ்டூல்ஸ்' உள்ளடங்கியே வருகிறது. குரோமில் ஒரு பத்தியைத் தேர்ந்து, 'கம்ப்யூட்டட்' என்ற பலகையின் அடியில் பார்த்தால், அந்தப் பத்தி மெய்யாகவே எந்த எழுத்துருவில் வரையப்பட்டது, எத்தனை எழுத்துருவங்கள் எதிலிருந்து வந்தன என்ற விவரம் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் 'ஃபாண்ட்ஸ்' என்று தனிப் பலகையே உண்டு. நாம் அறிவித்தது ஒன்று, திரையில் வந்தது வேறொன்று என்ற சந்தேகத்துக்கு இதுவே பிரத்தியட்சப் பிரமாணம்.

'நெட்வொர்க்' பலகையில் இணைப்பின் வேகத்தைச் செயற்கையாகக் குறைத்துப் பார்ப்பது அடுத்த பரீட்சை. யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளைக் கொள்ளுகிறது. 'தமிழ்' என்ற சொல்லே 15 பைட்டுகள். ஆகவே வழங்கியில் 'பிராட்லி' அல்லது 'ஜிஸிப்' சுருக்கம் இயங்குகிறதா என்பதை இங்கேயே சரிபார்த்துக்கொள்ளலாம். குரோமிலுள்ள 'லைட்ஹவுஸ்', மத்தியதரக் கைபேசியைப் பாவனை செய்யும்பொருட்டு, செயலியை நான்கு மடங்கு மந்தமாக்கி, இணைப்பை விநாடிக்கு 1.6 மெகாபிட் அளவுக்குக் குறைத்துக் கணக்கிடுகிறது. பக்கத்தின் பிரதானப் பகுதி 2.5 விநாடிக்குள் தோன்றுதல், தொட்டதற்கு 200 மில்லிவிநாடிக்குள் மறுமொழி காட்டுதல், துள்ளலின் அளவு 0.1-க்கு மேற்படாமை ஆகிய மூன்றும் கூகுள் வகுத்துள்ள நல்ல பக்கத்தின் லட்சணங்கள். இவற்றுள் துள்ளலே, மேலே சொன்ன எழுத்துரு மாற்றத்தால், தமிழ்ப் பக்கங்களில் அதிகமாகப் பிடிபடும்.

பாவனை எவ்வளவு நேர்த்தியாயினும் அசலுக்கு ஈடாகாது. புதவார் பேட்டையிலுள்ள தாப்கீர் கல்லி போன்ற மின்பொருள் சந்துகளில் விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்றை வாங்கி மேஜையில் வைத்துக்கொள்க. அதை யு.எஸ்.பி. கம்பியால் கணிப்பொறியோடு இணைத்தால், கைபேசித் திரையில் ஓடும் பக்கத்தைக் கணிப்பொறியின் டெவ்டூல்ஸிலேயே ஆராயலாம். தமிழ் விசைப்பலகையில் படிவத்தை ஒருமுறை முழுதும் நிரப்பிப் பாருங்கள். கூட்டெழுத்து முடிவதற்கு முன்பே தேடத் தொடங்கிவிடும் தேடல்பெட்டி, விசைப்பலகை எழுந்தவுடன் மறைந்துபோகும் பொத்தான் முதலிய குறைகள் அப்போதுதான் வெளிப்படும். தக்காண ராணி ரயிலில் மும்பைக்குப் போய்வருபவர்கள், கண்டாலா மலைப்பாதையின் சுரங்கங்களில் தொடர்பு அறுவதை அறிவார்கள். பாதி நிரப்பிய படிவத்தைச் சாதனத்திலேயே சேமித்துவைத்து, தொடர்பு மீண்டதும் அனுப்பும் ஏற்பாடு அத்தகையோருக்காகத்தான்.

'பிளேரைட்' போன்ற கருவிகள், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் பக்கத்தைத் தாமே திறந்து படமெடுத்து, பழைய படத்தோடு ஒப்பிடும். இவை ஓடும் லினக்ஸ் வழங்கிகளில் பெரும்பாலும் இந்திய எழுத்துருக்கள் நிறுவப்பட்டிரா. தமிழ் முழுவதும் காலிக் கட்டங்களாகப் படமாகி, கட்டமும் கட்டமும் ஒப்பிடப்பட்டு, எல்லாம் சரி என்ற பொய்ச் சான்று கிடைக்கும். லோஹித் அல்லது நோட்டோ தொகுப்பை முதலில் அங்கே நிறுவிவிட்டு, பிறகே படமெடுக்கச் செய்க.

எல்லாரும் அணுகும் பக்கம்

சங்கத்தின் மூத்த அங்கத்தினர்கள்தான் இந்தப் பக்கத்தை அதிகம் படிக்கப் போகிறவர்கள். உரைக்கும் பின்புலத்துக்கும் இடையே 4.5-க்கு 1 என்ற ஒளிவேறுபாட்டைச் சர்வதேச அணுகல் நெறிகள் கோருகின்றன. டெவ்டூல்ஸின் நிறத்தேர்வுப் பெட்டியே இந்த விகிதத்தைக் கணக்கிட்டுக் காட்டும். தொடும் இடங்கள் குறைந்தது 24 பிக்சல் அகலமும் உயரமும் கொண்டிருக்க வேண்டும் என்பது அந்நெறிகளின் 2.2-ஆம் பதிப்பின் விதி, விரல் நடுங்கும் வயதினருக்கு 44 பிக்சலே சௌகரியம். எழுத்தின் அளவை 200 சதவிகிதமாகப் பெருக்கிப் பார்த்து எதுவும் மறையவில்லை என்று கண்டுகொள்க. கடைசியாக, ஆண்ட்ராய்டின் 'டாக்பேக்' அல்லது விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் 'என்.வி.டி.ஏ.' திரைவாசிப்பானை இயக்கி, திரையைப் பாராமல் படிவத்தை நிரப்ப முயலுங்கள்.

வேலைக் கிரமம்

1. மூலப்பிரதியை யூனிகோடுக்கு மாற்றி, ஒப்பிட்டுப் படித்து, 'என்.எஃப்.சி.' வடிவுக்குக் கொண்டுவருக.
2. அலங்காரம் எதுவும் இல்லாத ஹெச்.டி.எம்.எல். பக்கத்தில் முழு உரையையும் இட்டு, பகுதிதோறும் மொழியை அறிவிக்க.
3. ஒரே குடும்பத்து எழுத்துருக்களைத் தேர்ந்து, 'யூனிகோட்-ரேஞ்ச்', 'ஃபாண்ட்-டிஸ்ப்ளே' ஆகியவற்றோடு ஏற்றுக.
4. வரியிடைவெளியையும் சொல் மடங்கும் முறையையும் நிர்ணயித்த பின்னரே பத்திகளையும் பெட்டிகளையும் வகுக்க.
5. வரிசை, எண்ணிக்கை, தொகை ஆகியவற்றை 'இன்டல்' தொகுதியிடம் விட்டுவிடுக.
6. மெதுவான இணைப்பிலும், விலை குறைந்த கைபேசியிலும், திரைவாசிப்பானிலும் பரீட்சிக்க.

இக்கிரமத்தில் ரியாக்ட், வ்யூ முதலிய சட்டகங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாததை வாசகர் கவனித்திருக்கலாம். 2013-ல் வெளியான ரியாக்ட் இன்று புணேயின் அலுவலகங்களில் பரவலாக இருப்பதும், அதைக் கற்றவருக்கு உத்தியோகம் சுலபமாவதும் உண்மையே. ஆயினும் மேற்சொன்ன ஆறு காரியங்களுள் ஒன்றையேனும் எந்தச் சட்டகமும் நமக்காகச் செய்துவிடுவதில்லை. ஆகையால் எத்திட்டத்தைத் தொடங்கினாலும், முதல் நாளன்றே சோதனை உரை என்று ஒரு கோப்பை அதில் இட்டுவையுங்கள். நீண்ட பெயர்கள், 'கொ', 'சௌ', 'க்ஷ', 'ஸ்ரீ' போன்ற எழுத்துகள், லட்சத்தைத் தாண்டிய தொகை, மராத்திப் பத்தி ஒன்று என எல்லாம் அதில் இருக்கட்டும். புதிதாகச் செய்யும் ஒவ்வொரு பொத்தானையும் பெட்டியையும் அந்த உரையைக்கொண்டு பார்த்த பின்னரே ஒப்புக்கொள்வது என்று குழுவில் ஒரு நியமம் ஏற்படுத்துக. அந்த நியமத்தை அலுவலகத்தின் ஆங்கிலப் பக்கங்களுக்கும் பொருத்திப் பார்த்தீர்களானால், பிற்பாடு ஜெர்மனுக்கோ ஹிந்திக்கோ அப்பக்கத்தை மாற்ற நேரும் நாளில், உடைபடப்போகும் இடங்கள் எவை என்பது முன்கூட்டியே உங்கள் கையில் இருக்கும்.